கேடயக்காரியின் கடைசிப் பகடை

ஜனவரி 9

அன்புள்ள தம்பிக்கு,

இங்கே நானும் என் முதுகுவலியும் சௌக்கியம். அங்கே நீங்கள் இரண்டரைப் பேரும் எப்படி இருக்கிறீர்கள்? சீனிக்கு மயக்கம் நின்றதா? தேநீரில் இன்னும் நாலு கரண்டி சர்க்கரைதானா? அந்தப் பட்டப்பெயரை வைத்தவள் நான் என்பதை உன் மனைவி மறந்திருந்தால் நல்லது.

இத்துடன் கட்டு. நம் பகடை ஆட்டத்துக்குப் புதிய ஆயுத விதிகள், புதிய பாத்திர வகை ஒன்று. மற்றவை பழைய விதிகளே, உனக்கு மனப்பாடம். மேசைக்குப் புதிதாக யாராவது வந்தால் இவ்வளவு சொல், போதும்: ஆளுக்கொரு வீரன். கதையை நீ சொல்வாய். அதற்குள் என்ன செய்வது என்று அவர்கள் சொல்வார்கள். நடந்ததா இல்லையா என்று பகடை சொல்லும்.

புது வகையின் பெயர் கேடயக்காரர். யாரையும் அடிக்கமாட்டார். பக்கத்துக் கட்டத்தில் நிற்பவர்மேல் விழும் அடியைத் தான் வாங்கிக்கொள்வார். ஒவ்வோர் அடிக்கும் குறையும் உயிர்ப்புள்ளி தீர்ந்துவிட்டால் கடைசிப் பகடை. இருபது முகப் பகடையில் பத்தும் அதற்கு மேலும் விழுந்தால் எழுந்து நிற்பார். குறைந்தால் இறந்தார். அதைக் கதை நடத்துபவர் தன் அட்டைத் திரைக்குப் பின்னால் உருட்டி, எண்ணை மட்டும் சொல்ல வேண்டும். அதாவது நீ. மேசையில் மற்றவர்கள் மூச்சைப் பிடித்துக்கொண்டு காத்திருக்கட்டும்.

ஜூலையில் அச்சு. பதிப்பாளருக்கு இந்த வகை பிடிக்கவில்லை. "அடிக்காத வீரனை எவன் எடுப்பான்?" என்கிறார். மூன்று ஊர்களில் மூன்று குழுக்கள் சோதிக்கின்றன. ஒத்துவராவிட்டால் புத்தகத்திலிருந்து எடுத்துவிடுவார். மற்ற பக்கங்களை எடுத்தால் சண்டை போடுவேன். இதை எடுத்தால் எனக்குப் புத்தகமே வேண்டாம்.

ஒரு நிபந்தனை. போன் கிடையாது. பேசினால் விதியை வாயால் விளக்கிவிடுவேன். புத்தகம் வாங்குகிறவர் வீட்டுக்கெல்லாம் போய் நான் விளக்க முடியாது, தாள்தான் பேச வேண்டும். சோதனை முடியும்வரை கடிதம் மட்டும்.

கட்டுக்குள் ஒரு சின்னத் தொப்பி இருக்கும். பின்னல் கோணல். தலை அதற்குத் தகுந்தபடி வளர்ந்துகொள்ளும்.

உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.
அக்கா

*

ஜனவரி 27

அன்பு அக்காவுக்கு,

இரண்டரைப் பேரும் நலம். அரை ஆள் இப்போது உதைக்கிறது. தொப்பியைச் சீனி தன் முழங்காலில் மாட்டிப் பார்த்துவிட்டு, அளவு சரி என்றாள். நன்றி.

ஆட்டக்குழு சேர்ந்துவிட்டது. கீழ்வீட்டுப் பல் டாக்டர். பக்கத்துத் தெரு பஸ் டிரைவர். ஞாயிறு மதியம், எங்கள் சாப்பாட்டு மேசை. சீனி சோபாவில் சாய்ந்தபடி எல்லோருடைய தவறுகளையும் உரக்க எண்ணுகிறாள். திரை, பழைய காலண்டர் அட்டை.

ஆயுதங்கள். நீள்கோல் நன்றாக இருக்கிறது. இரண்டு கட்டம் தள்ளி நிற்பவனைக் குத்தலாம், ஒட்டி வந்துவிட்டவனை ஒன்றும் செய்ய முடியாது. எதிரி ஒட்டி வந்ததும் டாக்டர் கோலைக் கீழே போட்டுவிட்டுச் சமாதானம் பேசினார். குறுக்குவில்தான் தொல்லை. ஒருமுறை எய்தால் மறுபடி நாணேற்ற இரண்டு முறை சும்மா நிற்க வேண்டியிருக்கிறது. "நாளெல்லாம் சிக்னல்ல நிக்கறேன், இங்கயும் நிக்கணுமா?" என்றார் டிரைவர். ஒரு முறையாகக் குறைக்கலாம்.

அடுத்த ஆட்டத்தில் கேடயக்காரரை டாக்டர் எடுத்தார். "முப்பது வருஷமா மத்தவங்களுக்கு வலி குடுத்தாச்சு. கொஞ்சம் வாங்கிப் பாக்கறேன்." இரண்டாம் வாரமே கடைசிப் பகடை. மூன்று விழுந்தது. மூன்று என்றேன். டாக்டர் எழுந்து சட்டையைத் தட்டிவிட்டுக்கொண்டு, தன் சாவுக்குத் தானே இரங்கல் உரை நிகழ்த்தினார்.

கவலைப்படாதே, ஒளிக்காமல் எழுதுவேன். லிஃப்ட் மாட்டி முடித்ததும் நாங்கள் முதலில் ஆளை ஏற்றுவதில்லை. எடை ஏற்றி, பிரேக் பிடிக்கிறதா என்று பார்ப்போம். விழுகிறதானால் எடை விழட்டும். அதற்குத்தானே சோதனை.

சீனியின் அன்பும் சேர்த்து,
தம்பி

*

பிப்ரவரி 6

அன்புள்ள தம்பிக்கு,

என் முதுகு முன்னேறியிருக்கிறது, இப்போது கழுத்தும் வலிக்கிறது. நீங்கள் இரண்டரைப் பேரும் சுகம்தானே?

டிரைவருக்கு என் நன்றி. குறுக்குவில்லுக்கு இனி ஒரே முறைதான். சிக்னல் உவமையைப் பதிப்பாளரிடம் சொன்னேன், சிரித்துவிட்டார். அவர் சிரித்து நான் பார்த்ததில்லை. டாக்டரின் இரங்கல் உரையை எழுதி அனுப்பச் சொல். அந்த மூன்றுக்கும் நன்றி. சாக வேண்டிய இடத்தில் செத்தால்தான் விதிக்கு அர்த்தம்.

என்ன பெயர் யோசித்திருக்கிறீர்கள்? என் காதில் முதலில் போடுங்கள். மே மாதம் லீவு சொல்லிவிட்டேன். வந்து ஒரு மாதம் இருப்பேன், சமையல் என் பொறுப்பு. இதைப் படித்துச் சீனி பயப்பட்டால் சாப்பாடு வெளியே வாங்கிக்கொள்ளலாம்.

ஆவலுடன்,
அக்கா

*

மார்ச் 18

அன்பு அக்காவுக்கு,

இருவரும் நலம். நீயும் நலமாக இருக்க வேண்டும்.

தாமதத்துக்கு மன்னித்துக்கொள். வேலை. நடுவில் சில ஞாயிறுகள் ஆட்டம் இல்லை. பிறகு ஒரு ஞாயிறு நான் கூப்பிடாமலே டாக்டரும் டிரைவரும் வந்தார்கள். டிரைவர் மேசையைத் துடைத்தார். டாக்டர் பகடைகளை எடுத்து வைத்தார். இப்படிப்பட்ட மனிதர்கள் கீழ்வீட்டிலும் பக்கத்துத் தெருவிலும் வாய்ப்பது பெரிய விஷயம், அக்கா.

சீனி மூக்குக்கண்ணாடிக் கடை வேலைக்கு விடுப்புப் போட்டிருக்கிறாள். அன்று உள்ளறையிலிருந்து வெளியே வந்து, "எனக்கும் ஒரு நாற்காலி போடுங்க" என்றாள். எந்த வகையை எடுக்கிறாய் என்று கேட்டேன்.

"அடி வாங்கறவ ஒருத்தி இருக்காளே, அவ."

நன்றாக விளையாடுகிறாள். யாருக்குப் பக்கத்தில் நிற்க வேண்டும் என்று அவளுக்குத் தெரிகிறது. இரண்டு முறை கடைசிப் பகடை வந்தது. பதினொன்று, பதினாலு. எழுந்து நின்றாள்.

வேறு விசேஷம் இல்லை.
தம்பி

*

மார்ச் 27

அன்புள்ள தம்பிக்கு,

சௌக்கியம். நீங்கள் இரண்டரைப் பேரும்?

சீனி ஆடுகிறாள் என்று படித்ததும் எழுந்து அறைக்குள் ஒரு சுற்று நடந்தேன். என் கேடயக்காரியை என் வீட்டு ஆளே எடுத்திருக்கிறாள். வயிற்றுக்குள் இருப்பது இப்போதே விதி கற்றுக்கொள்கிறது. அவளுக்கு என் நன்றியைச் சொல். முதுகுக்குத் தலையணை வைத்து உட்காரச் சொல்.

இரண்டு முறையும் எழுந்துவிட்டாளே, சற்று எளிதோ? பத்தை எடுத்துவிட்டுப் பதின்மூன்று என்று வைத்துப் பாருங்கள்.

பெயர் கேட்டேன், நீ எழுதவில்லை. ரகசியமா?

அன்புடன்,
அக்கா

*

ஏப்ரல் 10

அன்பு அக்காவுக்கு,

இங்கே நலம்.

குறுக்குவில் இப்போது சரி. டிரைவர் எய்கிறார், நாணேற்றுகிறார், அந்த ஒரு முறை சீனி அவர் முன்னால் நிற்கிறாள். நல்ல ஜோடி. போன ஞாயிறு டாக்டர் தன் நீள்கோலால் தவறி டிரைவரையே குத்தியபோது சீனி சிரித்தாள். நான் விதித்தாளைப் பார்ப்பதுபோலத் தலையைக் குனிந்துகொண்டேன். அந்தச் சத்தம் கேட்டு நாளாகியிருந்தது.

பதின்மூன்று விதியில் மூன்று கடைசிப் பகடைகள். பதின்மூன்று, பதினைந்து, பதினாலு. எழுந்தாள்.

மே மாதம் நீ வர வேண்டாம். புத்தகத்தை முடி. இங்கே நாங்கள் பார்த்துக்கொள்கிறோம். தப்பாக நினைக்காதே. உன் ஆட்டம் இந்த வீட்டுக்கு என்ன செய்துகொண்டிருக்கிறது என்று எனக்கு எழுதத் தெரியவில்லை. நன்றி என்று மட்டும் எழுதுகிறேன்.

தம்பி

*

ஏப்ரல் 22

தம்பிக்கு,

இருக்கிறேன். நீங்கள் இரண்டரைப் பேரும் எப்படி இருக்கிறீர்கள் என்று கேட்கலாமா கூடாதா என்று தெரியவில்லை.

வர வேண்டாம் என்றால் என்ன அர்த்தம்? நான் என்ன செய்தேன்? யோசித்துப் பார்த்தேன், ஒன்றும் அகப்படவில்லை. சமையல் என்று எழுதியதாலா?

அது இருக்கட்டும். வேலை.

மற்ற இரண்டு ஊர்களிலும் கேடயக்காரர்களில் ஏறக்குறையப் பாதிப் பேர் கடைசிப் பகடையில் சாகிறார்கள். உன் மேசையில் சீனி ஒருமுறைகூடச் சாகவில்லை. மூன்று ஊரையும் கூட்டிப் பார்த்த பதிப்பாளர், இந்த வகை மிதமிஞ்சிய பலம், உயிர்ப்புள்ளியைப் பாதியாக வெட்டு என்கிறார். வெட்டினால் மற்ற ஊர்களில் முதல் அடியிலேயே எல்லோரும் விழுவார்கள். விழுந்தால் யாரும் எடுக்கமாட்டார்கள். யாரும் எடுக்காத வகையை அச்சடிக்கமாட்டார். உன் ஒரு மேசையால் அவள் புத்தகத்தைவிட்டே போகப்போகிறாள்.

உன் பகடையில் கோளாறு இருக்கலாம். டம்ளர் தண்ணீரில் உப்பை அள்ளிப் போட்டுக் கரைத்து அதில் மிதக்கவிடு. திருப்பித் திருப்பிச் சுண்டு. ஒரே முகம் மேலே வந்தால் உள்ளே எடை ஒருபக்கமாக இருக்கிறது. எப்படியும் கடைசியாக ஒரு சோதனை: பதினாறு என்று வைத்து ஆடுங்கள். இருபதில் ஐந்து எண்களுக்குத்தான் பிழைப்பாள். அதிலும் எழுந்தால் நான் நம்பமாட்டேன்.

அக்கா

*

மே 3

அக்கா,

நலம்.

டாக்டர் கண்ணாடி டம்ளரில் மிதக்கவிட்டுப் பார்த்தார். ஒவ்வொரு தடவையும் வேறு முகம். பகடை நல்ல பகடை.

பதினாறு விதியில் இரண்டு முறை. பதினேழு, பதினாறு.

நீ ஒன்றும் செய்யவில்லை. சமையலும் காரணமில்லை. இதற்கு மேல் எழுத உட்கார்ந்தால் பேனா நிற்கிறது. மன்னித்துக்கொள்.

தம்பி

*

மே 5

அண்ணிக்கு வணக்கம்.

உங்கள் கழுத்து எப்படி இருக்கிறது? இதை எழுதுவது அவருக்குத் தெரியாது. தபாலில் போட்டுவிட்டுச் சொல்வேன்.

முதலில் என் நலம். உடம்பு தேறிவிட்டது. பிப்ரவரி கடைசியில் குழந்தை தங்கவில்லை. பெண். ஆஸ்பத்திரியில் எல்லோரும் நல்லபடியாகவே நடந்துகொண்டார்கள், யார்மேலும் குறை இல்லை.

அவர் உங்களுக்கு எழுதவில்லை. நானும் எழுதச் சொல்லவில்லை. உங்களுக்குத் தெரியாதவரை ஒரே ஒரு இடத்தில் அவள் நன்றாக இருந்தாள். உங்கள் கடிதத்தின் முதல் வரியில். இரண்டரைப் பேர். அந்த வரியை ஒவ்வொரு முறையும் இரண்டு தடவை படிப்பேன். அதற்காக உங்களுக்கு நன்றி சொல்ல வேண்டும் என்று இருந்தது. அதனால்தான் நிறுத்தச் சொல்ல மனம் வரவில்லை.

இனி ஆட்டம்.

பகடையில் கோளாறு இல்லை. அவர் உட்காரும் நாற்காலிக்குப் பின்னால் கண்ணாடிக்கதவு போட்ட அலமாரி, திரைக்குப் பின்னால் விழும் பகடை அதில் தெரியும். நாளெல்லாம் லென்ஸும் கண்ணாடியும் பார்க்கிறவள் நான், இடவலம் மாறித் தெரியும் எண்ணைப் படிக்க எனக்கு யாரும் சொல்லித்தர வேண்டாம். முதல் தடவை நாலு விழுந்தது. "பதினொண்ணு" என்றார். காது சிவந்திருந்தது. டாக்டருக்குத் தெரியும். டிரைவருக்கும் தெரியும். மூன்று பேரும் சேர்ந்துகொண்டு என்னைப் பிழைக்க வைக்கிறார்கள். லிஃப்ட்காரர், எடையைக் கையால் தாங்கிக்கொண்டே பிரேக் நன்றாகப் பிடிக்கிறது என்று உங்களுக்கு எழுதுகிறார்.

முதல் வாரம் நன்றியாகத்தான் இருந்தது, அண்ணி. நிஜமாகவே. ஒருத்தியாவது எழுந்து நிற்கிறாளே என்று. அப்புறம் மூச்சு முட்டியது. ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா என்னிடம் பேசாமல் வராந்தாவில் அவரிடம் பேசினார். அம்மா என்னைப் பற்றிப் பேச வேண்டுமென்றால் போனை எடுத்துக்கொண்டு மொட்டைமாடிக்குப் போகிறாள். கடையில் நான் கேட்டதைவிட அதிக லீவு கொடுத்தார்கள். எல்லோரும் எனக்காகத் திரைக்குப் பின்னால் உருட்டுகிறார்கள். வெளியே வருவதெல்லாம் நல்ல எண்.

அவர்மேல் கோபப்படாதீர்கள். அப்பா அம்மா இறந்த பிறகு வீடு தேடி வந்தவர்களின் ஏச்சுப்பேச்சையெல்லாம் நீங்கள் வாசலில் நின்று வாங்கிக்கொண்டதை அவர் சொல்லியிருக்கிறார். இந்த வகையை நீங்கள் எங்கிருந்து எடுத்தீர்கள் என்று எனக்குத் தெரியும், உங்களுக்குத் தெரியுமா என்றுதான் தெரியவில்லை. அப்படி ஒருத்திக்குப் பின்னால் வளர்ந்தவர். யாரையும் விழவிட அவருக்கு வரவில்லை.

எனக்காக உங்கள் புத்தகத்திலிருந்து அவள் போகக்கூடாது. எனக்கு ஒரு விதி எழுதி அனுப்புங்கள். நான் சொன்னால் கெஞ்சுவார், விதி என்றால் கேட்பார்.

போன் செய்யாதீர்கள். நிபந்தனை நீங்கள் போட்டதுதானே. சோதனை முடியட்டும்.

உங்கள்
சீனி

*

மே 11

என் சீனிக்கும் தம்பிக்கும்,

உங்கள் இருவர் நலம் கேட்டு எழுதுகிறேன். இருவர் என்று எழுதக் கை வர நேரமாயிற்று.

பழைய கடிதங்களை எடுத்து வைத்துப் படித்தேன். மார்ச் மாதக் கடிதத்தின் முதல் வரி: இருவரும் நலம். நீ எழுதியிருக்கிறாய், தம்பி. நான்தான் தாண்டிப்போய்ப் பதினொன்றையும் பதினாலையும் படித்திருக்கிறேன். எண்களைப் பார்த்தே பிழைப்பு நடத்துகிறவள், அந்த ஒரு எண்ணைப் பார்க்கவில்லை.

போனை எடுத்தேன். வைத்துவிட்டேன். சீனி சொன்னது சரி.

சீனி, நீ எழுதியதற்கு நன்றி. அவள் என் கடிதத்தில் கொஞ்ச காலம் இருந்ததற்கும். அதற்கு மேல் எனக்கு எழுதத் தெரியவில்லை, நேரில் வந்து உன் பக்கத்தில் உட்காருகிறேன்.

தம்பி, உன்மேல் கோபம் இல்லை. பிப்ரவரிக்குப் பிறகு நீ அனுப்பிய எண்களைக் கணக்கிலிருந்து எடுத்துவிட்டேன். தூக்கிப் போடவில்லை. அடுத்த புத்தகத்தில் உன்னை ஒரு வகையாகப் போடுவதாக இருக்கிறேன், பொய்ப்பகடைக்காரன். மிதமிஞ்சிய பலம். யாரும் எடுக்கக்கூடாது.

இது புது விதி. தனித்தாளில் கையெழுத்துப் போட்டு வைத்திருக்கிறேன்.

கேடயக்காரரின் கடைசிப் பகடையைக் கதை நடத்துபவர் தொடக்கூடாது. கேடயக்காரரே, தன் கையால், மேசை நடுவில், எல்லோரும் பார்க்க உருட்ட வேண்டும். பழையபடி பத்து. என்ன விழுகிறதோ அது.

மற்ற இரண்டு ஊர்களுக்கும் இதையே அனுப்பியிருக்கிறேன்.

அக்கா

*

மே 26

அன்பு அக்காவுக்கு,

இருவரும் நலம். இந்தத் தடவை எழுதிவிட்டு ஒருமுறை படித்துப் பார்த்தேன். நலம்தான்.

உன் தாளைச் சீனி எனக்கு உரக்கப் படித்துக் காட்டினாள். படித்துவிட்டு என் முன்னால் இருந்த காலண்டர் அட்டையை மடித்து அலமாரிக்கு மேல் போட்டாள். டாக்டர் ஏதோ சொல்ல வாயெடுத்தார். "நீங்களும் இதுல கூட்டுதான் டாக்டர்," என்றாள். அவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே இருந்தார்.

ஆட்டம். குகை வாசல். டிரைவர் எய்துவிட்டு நாணேற்றிக்கொண்டிருந்தார். எதிரியின் நீள்கோல் அவரை நோக்கி வந்தது. சீனியிடம் இரண்டே உயிர்ப்புள்ளி.

"வேணாம்மா, இத நான் வாங்கிக்கறேன்," என்றார் டிரைவர்.

"என் வேலைய நான் பாக்கறேன். நீங்க வில்ல ஏத்துங்க."

அடி அவள்மேல் விழுந்தது. பகடையை அவள் கையில் கொடுத்தேன். என் கை வேர்த்திருந்தது, பகடையும் ஈரமாக இருந்திருக்கும். அவள் அதைப் புடவையில் துடைத்துவிட்டு உருட்டினாள். மேசை நடுவில் நின்றது.

ஏழு.

அடுத்து டிரைவரின் முறை. அவர் எய்யாமல் உட்கார்ந்திருந்தார். "எய்யுங்க. அதுக்குத்தான நின்னேன்," என்றாள். எய்தார். பட்டது. எதிரி விழுந்தான். வழி திறந்தது. கதையில் அவர்கள் இருவரும் அவளைத் தூக்கிக்கொண்டு வெளியே வந்தார்கள். வெளிச்சமாக இருந்தது என்று சொன்னேன்.

அப்போது அவள் அழுதாள். பிப்ரவரியிலிருந்து அவள் அழுது நான் பார்க்கவில்லை. இப்போது சத்தம் போட்டு, வீடு முழுக்கக் கேட்கும்படி. நானும். டிரைவர் போய் அடுப்பைப் பற்றவைத்தார். டாக்டர் எங்கள் வீட்டு டப்பாக்களை ஒவ்வொன்றாகத் திறந்து சர்க்கரையைத் தேடினார். நாலு கரண்டி, அளந்து போட்டார். பல் டாக்டர், அக்கா. அவர் கையால் நாலு கரண்டி.

தேநீர் குடித்து முடித்ததும் டாக்டர் எழுந்து நின்று அவளுக்கும் ஓர் இரங்கல் உரை நிகழ்த்தினார். இதை வேடிக்கையாகச் சொல்லவில்லை. முடிந்ததும் சீனி ஒரு வெற்றுத் தாள் கேட்டாள். புதுப் பாத்திரம். குறுக்குவில்காரி. "கொஞ்ச நாள் தூரத்துல இருந்து எய்யறேன்" என்றாள். அவள் முன்னால் நிற்க டிரைவர் கேடயத்தை எடுத்துக்கொண்டார். வரும் வாரம் கடைக்கும் போகிறாள்.

எனவே கேடயக்காரரைப் பற்றி என் அறிக்கை: விழுகிறார். விழ வேண்டிய இடத்தில் விழுகிறார். அவர் விழுந்த பிறகும் மேசை நிற்கிறது. ஒரு புள்ளிகூட வெட்டாதே. பதிப்பாளர் கேட்டால் இந்தக் கடிதத்தைக் காட்டு. எவன் எடுப்பான் என்று கேட்டாரே, எங்கள் வீட்டில் இப்போது மூன்றாவது ஆள் எடுத்திருக்கிறார்.

உனக்கு நன்றி சொல்ல வேண்டியது இந்த ஆட்டத்துக்கு மட்டுமில்லை. வாசலில் நின்றதற்கும். அப்போது உனக்கு முன்னால் யாரும் நிற்கவில்லை என்பது எனக்கு இந்த ஞாயிறுதான் உறைத்தது.

நீ அனுப்பிய தொப்பியைச் சீனி பீரோவிலிருந்து எடுத்து வெளியே வைத்திருக்கிறாள். ஆட்டம் முடிந்ததும் பகடைகளை அதில்தான் போடுகிறோம். பின்னல் கோணல்தான். ஒன்றுகூட நழுவவில்லை.

சோதனை முடிந்தது. நிபந்தனையும் முடிந்தது. சீனி போனைத் தன் பக்கத்துக்கு நகர்த்தி வைத்துக்கொண்டிருக்கிறாள். நீ கூப்பிட்டால் நான் எடுக்கக்கூடாதாம்.

தம்பி